நமச்சிவாயம் கை வைக்காத படம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீட்டு முன்பக்கம் கம்ப்யூட்டர் டிசைன் சென்டர் வைத்திருக்கும் நமச்சிவாயத்துக்கு ஐம்பத்து நான்காவது வயதில் நெஞ்செரிச்சல் வந்தது. முதலில் மிளகு தூக்கலாகப் போட்ட கோயில் இட்லியைக் குற்றம் சொன்னார். அதை நிறுத்திப் பார்த்தார். பிறகு காப்பியைச் சொன்னார். அதையும் நிறுத்தினார். டாக்டர் எழுதிக் கொடுத்த வெள்ளை மருந்து இரண்டு பாட்டில் உள்ளே போன பிறகும் எரிச்சல் தணியவில்லை. ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஒலிமுகமதுபேட்டைப் பக்கம் வண்டியை விட்ட நாட்களில் மட்டும்தான் எரிந்தது.

"பாய் அண்ணன் கடைக்குப் போயிட்டு வந்தீங்களா?" என்று வாசலிலேயே கேட்பாள் அவர் மனைவி வடிவாம்பாள்.

"உனக்கு யார் சொன்னது?"

"நெஞ்சத் தடவிக்கினு வர்றீங்களே."

பாய் அண்ணன் என்பது ஜியாவுதீன். அந்தப் பேட்டையில் போர்டு எழுதி, பிறகு ஃப்ளெக்ஸ் மெஷின் போட்டு, இப்போது நன்றாகவே இருக்கிறவர். இருவரும் எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அந்த வருடம் பள்ளியில் தேர்த் திருவிழா என்று தலைப்புக் கொடுத்து ஓவியப் போட்டி வைத்தார்கள். நமச்சிவாயம் தேரை வரைந்தார். சக்கரத்தில் எத்தனை ஆரக்கால், எத்தனை ஆணி, எல்லாம் எண்ணி வைத்திருந்தார். ஜியாவுதீன் தேரையே வரையவில்லை. வடத்தையும் அதைப் பிடித்திழுக்கும் கைகளையும் மட்டும் வரைந்துவிட்டு, தேர் தாளுக்கு வெளியே வந்துகொண்டிருக்கிறது என்றார். நமச்சிவாயத்துக்கு முதல் பரிசு. ஜியாவுதீனுக்கு இரண்டாவது. அந்த முதல் பரிசுச் சான்றிதழ் இன்றும் டிசைன் சென்டர் சுவரில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. தினமும் இரண்டையும் ஒரே துணியால் துடைக்கிறார். பிள்ளையாரை முதலில் துடைப்பதாகத்தான் சொல்லிக்கொள்கிறார்.

நமச்சிவாயத்தின் வேலையைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. புடவையின் முந்தானையில் ஓர் அன்னம் வர வேண்டுமென்றால் அதைக் கட்டம் கட்டமாக வரைந்து கொடுக்க வேண்டும். ஒரு கட்டம் என்பது ஓர் இழை எழுவதும் அமர்வதும். ஒரு கட்டம் விட்டுப்போனால் அந்தத் தறியில் இறங்குகிற அத்தனை புடவையிலும் அதே இடத்தில் அதே ஓட்டை விழும். முப்பது வருடத்தில் அவர் ஒரு கட்டம் விட்டதில்லை. வாலாஜாபாத் பக்கத்திலிருந்தெல்லாம் தேடி வந்து டிசைன் வாங்கிப் போகிறார்கள். அவர் வரைந்த மயில் எத்தனை கல்யாணங்களில் எத்தனை தோள்களில் உட்கார்ந்ததோ, கணக்கே இல்லை. ஆனால் ஊர் அவரை 'டிசைன்காரர்' என்றது. ஓவியர் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அதற்காக ஒரு நாள் ரகசியமாக, 'நமச்சிவாயம், ஓவியர்' என்று நூறு விசிட்டிங் கார்டு அடித்து வந்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். நூறும் அப்படியே இருந்தன.

இருவருக்கும் நடுவே தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஜியாவுதீன் கையால் வரைந்ததைக் கொண்டுவருவார். நமச்சிவாயம் தன் பெரிய ஸ்கேனரில் ஏற்றி, கோணல் நிமிர்த்தி, பிசிறு வெட்டி, மை படாத இடத்தை அடைத்துக் கொடுப்பார். இதற்குப் பெயர் 'சுத்தம் பண்றது'. ஜியாவுதீன் எழுதிய பிரியாணிக்கடைப் பெயரின் வால் கொஞ்சம் அதிகமாக நீண்டால்கூட நமச்சிவாயம் விடமாட்டார். நண்பனின் கோட்டைத் திருத்தும்போதெல்லாம் அவருக்கு எட்டாம் வகுப்பு ஞாபகம் வரும். மனசு குளிரும்.

இந்த ஏற்பாட்டில் தூரிகையை விட்டது ஒரு தைவான்கார அம்மா.

ஜியாவுதீனின் மகள் ஆஷிஃபா ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அங்கே இன்ஜினியராக இருந்த லின் என்கிற அம்மாவைப் பட்டு எடுக்க அழைத்து வந்தாள். வழியில் அத்தாவின் கடையில் நின்றார்கள். ஜியாவுதீன் ஒரு தர்கா போர்டில் உருது எழுதிக்கொண்டிருந்தார். அவர் கை போகிற வேகத்தைப் பார்த்த லின் பட்டை மறந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டியோடு வந்தாள். அதில் மூங்கில் தூரிகை, மைக்கட்டி, அதை உரைக்க ஒரு கல், தொட்டால் மையைக் குடித்துவிடுகிற தாள். ஒன்றரை வருடம் ஞாயிறுதோறும் சீன எழுத்து கற்றுக் கொடுத்தாள். பிரியாணி சாப்பிட்டாள். ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் ஜியாவுதீனுக்குத் திமிர் பிடித்தது. இது நமச்சிவாயத்தின் சொல். பெரிய தாளில் முதலில் இன்றைய பாணியில் வண்ணங்களைப் பூசி, நடுவே வெறும் தாளாக விட்ட இடத்தில் ஒரே ஒரு சீன எழுத்தை மையால் இழுக்க ஆரம்பித்தார்.

'பாலாறு' என்கிற படத்தை நமச்சிவாயம் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை. செவிலிமேட்டுப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் தெரிகிற அதே மணல் மஞ்சள். ஓரத்தில் நீலக் குழாய் ஒன்று. தூரத்தில் சிவப்புப் புள்ளியாக டேங்கர் லாரி. நடுவே வெறும் தாளாக விட்ட இடம் முழுக்கக் கறுப்பில் நான்கே இழுப்பு.

"இன்னாடா இது?"

"தண்ணின்னு எழுதியிருக்கேன். சீனத்துல."

"தண்ணி எங்கடா இருக்குது?"

"அதாம்பா படமே."

நமச்சிவாயம் திரும்பினார். கூட வந்த வடிவாம்பாள் படத்தின் முன்னால் அசையாமல் நின்றிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம். ஆறு. ஏழாவது நிமிஷம் அவள், "அண்ணே, தொண்ட காயுது. ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். முப்பது வருடமாக அவர் போட்ட மயில், அன்னம், யாளி, ருத்திராட்சம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவள் சொன்னது ஒன்றுதான்: "நல்லா இருக்குது, சாப்பிட வர்றீங்களா?" எதைப் பார்த்தும் அவளுக்குத் தாகம் எடுத்ததில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டோடு முதல் பாட்டில் மருந்து ஆரம்பமானது.

சில நாளில் ஆன்லைனில் ஒரு பார்சல் வந்தது. "இன்னாங்க இது?" என்றாள் வடிவாம்பாள். "கீபோர்டு தூசி தட்டற பிரஷ்" என்றார். அது தூரிகைதான். கடையைப் பாதி மூடிக்கொண்டு, வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் 'பறவை' என்கிற எழுத்தை எழுதினார். வால் லேசாக நடுங்கியது. மேலே இன்னொரு தரம் இழுத்தார். இப்போது தடித்தது. அதைச் சரிக்கட்ட மூன்றாவது தரம். தாள் கிழிந்தது. எழுதியதன்மேல் திரும்பிப் போகவே கூடாது என்று வீடியோவில் ஓர் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். திரும்பிப் போகாதே என்றால்? நமச்சிவாயத்தின் பிழைப்பே திரும்பிப் போவதுதானே.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து அறிவிப்பு வந்தது. பழைய கைக்கலை மரபும் இன்றைய ஓவியமும் கலந்த படங்களுக்கு ஒரு தனியார் கூடத்தில் கண்காட்சி. மாவட்டத்துக்கு ஒரே ஓர் ஓவியர். படத்தை ஸ்கேன் செய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். 'ஓவியர்' என்கிற சொல்லை நமச்சிவாயம் மூன்று முறை படித்தார். காஞ்சிபுரத்துக்கு ஒருவர். ஒருவர் என்றால் முதல் பரிசு. அது சுவரில் ஏற்கெனவே மாட்டியிருக்கிறதே!

கிழிந்த பறவையைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கட்டம் கட்டமாகத் தைத்தார். பிசிறில்லாமல் பளிங்கு போல வந்தது. நடுவே தன் புகழ்பெற்ற தாமரைக்குளத்தை வைத்தார். இடப்பக்கம் சீனப் பறவை. ஆனால் காஞ்சிபுரத்துப் பறவை தனியாக உட்காராது. புடவையின் எந்தக் கரையில் எந்த அன்னம் வந்தாலும் எதிரே ஒரு ஜோடி அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அது தொழில் தர்மம். ஆகவே எழுத்தை இடவலமாகத் திருப்பி வலப்பக்கத்திலும் வைத்தார். இரண்டு பறவையும் ஒன்றையொன்று பார்த்தன. அவருக்கே கண் நிறைந்தது.

சனிக்கிழமை பிற்பகல் ஜியாவுதீன் 'பாலாறு' படத்தை அட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"நமசு, இத ஏத்திக் குடுப்பா. உன் ஸ்கேனர்லதான் முழுசா வரும்."

படத்தை மேசையில் விரித்தார்கள். கிட்டத்தில் பார்த்தபோதுதான் நமச்சிவாயத்துக்கு அது தெரிந்தது. மூன்றாவது இழுப்பு பாதி தூரம் கறுப்பாகப் போய், பிறகு தூரிகை வறண்டு, மயிரிழை மயிரிழையாகப் பிரிந்து, நடுவில் தாள் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. ஏழு இடம். அவர் கண் எண்ணிவிட்டது.

"இன்னாடா, மை தீந்துபோச்சா?"

"பாத்தியா, நீயே கேட்டுட்ட. மே மாச வெயிலுப்பா, கல்லுலயே மை காஞ்சிருச்சு. அப்பறம் பதினாலு வாட்டி எழுதிப் பாத்தேன். எல்லாம் கருகருன்னு நல்லா வந்துச்சு. ஆனா மனசு இதுலயே நிக்குது. அப்படியே அனுப்பறதுக்குத் தைரியமும் இல்ல." ஜியாவுதீன் தலையைச் சொறிந்தார். "தொழுகைக்கு நேரமாச்சு. உன் கண்ணுக்கு எப்படிப் படுதோ அப்படிச் செஞ்சு அனுப்பிடு. எனக்கும் மெயில்ல ஒரு காப்பி போடு."

நாற்பது வருட நண்பன் இவ்வளவு நம்பிக்கையாக ஒரு பொருளை ஒப்படைத்துவிட்டுப் போனால் மனிதனுக்கு என்ன தோன்றும்? நமச்சிவாயத்துக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. கை தன்பாட்டுக்கு வேலை பார்த்தது. படத்தை முழுதாக ஸ்கேன் செய்தார். முதல் வெள்ளையை அடைத்தார். இரண்டாவதை. மூன்றாவதை. கோடு நிறைந்து, கறுத்து, கம்பீரமாக வந்தது. அப்போதுதான் கை நின்றது.

நான் எதுக்கு இவன் ஓட்டையை அடைக்கிறேன்?

சென்னைக்காரர்கள் பார்க்கட்டும். மை கூடத் தொட்டுக்கொள்ளத் தெரியாத மனுஷன் என்று சிரிக்கட்டும். 'அன்டூ' அடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. அடைத்த மூன்றும் அதனதன் இடத்துக்குத் திரும்பின. மறுபடி ஏழு ஓட்டை.

டீயோடு வந்த வடிவாம்பாள் திரையைப் பார்த்தாள். "ஏங்க, நீங்களா ஓட்டைய விட்டு அனுப்பறீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அவன் படம். அவன் ஓட்டை."

வடிவாம்பாள் டீயை மேசையில் ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு நாள் நெஞ்சு எரியவில்லை. மைசூர்பாகுகூடச் சாப்பிட்டார். பதின்மூன்றாம் நாள் ஆஷிஃபா ஸ்கூட்டியை நிறுத்தக்கூட இல்லை, கத்திக்கொண்டே வந்தாள். "அங்கிள்! அத்தா படம் செலக்ட் ஆயிடுச்சு! ஒரிஜினல பாக்க கண்காட்சி மேடமே நாளைக்கு வர்றாங்களாம்!"

"அப்படியா மா, சந்தோஷம்" என்ற நமச்சிவாயத்தின் கை மார்புக்குப் போனது.

கூடத்தின் பொறுப்பாளர் சங்கீதா பட்டு ஊருக்குப் பருத்திப் புடவையில் வந்து இறங்கினார். படம் இன்னும் டிசைன் சென்டரில்தான் இருந்தது. ஜியாவுதீன் அவரை நேராக அங்கேயே அழைத்து வந்துவிட்டார்.

"வந்ததுல பாதிக்கு மேல கம்ப்யூட்டர்ல தொடச்சுப் பளபளன்னு அனுப்பிட்டாங்க சார்" என்றார் சங்கீதா. "இந்த வெள்ளை இருக்குதே, காய்ஞ்ச தூரிகை ஓடும்போது விட்டுட்டுப் போறது, இதுக்குச் சீனாவுல பேரே இருக்கு. பறக்கும் வெண்மைன்னு. இத மூடியிருந்தா தண்ணின்னு ஒரு வார்த்தை இருந்திருக்கும், அவ்வளவுதான். இப்போ ஆறே இருக்கு."

"இவன்தான் மேடம் விட்டது" என்று ஜியாவுதீன் நண்பனின் தோளில் கை போட்டார். "நான் பயந்தேன். இவன் கை வெக்கல."

சங்கீதா நமச்சிவாயத்தை ஒரு மரியாதையோடு பார்த்தார். முப்பது வருடத்தில் அப்படி யாரும் அவரைப் பார்த்ததில்லை. "எப்படி சார் தோணிச்சு உங்களுக்கு?"

"கண்ணுக்கு... அப்படித்தான் பட்டுது."

உள்ளேயிருந்து வடிவாம்பாள் இருமினாள்.

கிளம்புகிற நேரத்தில் நமச்சிவாயம் மென்று விழுங்கிக் கேட்டார். "மேடம், நானும் ஒண்ணு அனுப்பியிருந்தேன். தாமரைக்குளம்."

"ஓ, அது நீங்களா சார்?" சங்கீதா நல்ல பெண், கொஞ்சம் யோசித்தார். "ரொம்ப சுத்தமா இருந்துச்சு." சுத்தம் என்பது வசவாகவும் இருக்கலாம் என்று அன்றுதான் நமச்சிவாயத்துக்குத் தெரிந்தது. "இடது பக்கம் சீன எழுத்து, பறவை. வலது பக்கம் என்ன எழுத்துன்னு எங்களால கண்டுபிடிக்க முடியல சார். எந்த மொழி?"

"ஜோடி" என்றார் நமச்சிவாயம் பலவீனமாக.

கண்காட்சித் தொடக்கத்துக்கு ஜியாவுதீன் விடாப்பிடியாக அவரையும் சென்னைக்கு இழுத்துப் போனார். "மருந்த எடுத்துக்கினீங்களா?" என்று கேட்டு வழியனுப்பினாள் வடிவாம்பாள். நமச்சிவாயம் மருந்து மாத்திரையோடு இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். சட்டைப் பையில் விசிட்டிங் கார்டுகள்.

வெள்ளைச் சுவரில் பாலாறு தொங்கியது. கீழே 'ஜியாவுதீன், காஞ்சிபுரம்'. அதற்கும் கீழே, கண்ணாடி போட்டால் தெரிகிற அளவில், 'ஸ்கேன்: நமச்சிவாயம்'. சங்கீதா மேடையில் கதையைச் சொன்னார். தொடாமல் விட்ட கண் என்றார். கை தட்டினார்கள். முப்பது வருடம் ஒரு கட்டம் விடாமல் உழைத்ததற்கு விழாத கைதட்டல், ஒரே ஒரு பிற்பகல் வேலை செய்யாமல் இருந்ததற்கு விழுந்தது. வயதான ஒருவர் கிட்டே வந்து, "நீங்க?" என்றார். நமச்சிவாயத்தின் விரல் பைக்குள் கார்டைத் தொட்டது. வாய் திறந்தது. அதற்குள் ஜியாவுதீன் பெருமையாகச் சொல்லிவிட்டார். "என் ஃப்ரெண்டு சார். ஸ்கேன் பண்ணுனவரு."

திரும்பும் ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். செங்கல்பட்டு வரை நமச்சிவாயம் ஜன்னலையே பார்த்தார். வாலாஜாபாத் வருவதற்குள் அடக்க முடியவில்லை.

"ஜியா, நான் நல்ல எண்ணத்துல அத விடலடா. அசிங்கமாப் போவட்டும்னுதான் விட்டேன்."

ஜியாவுதீன் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். "தெரியும்பா."

"தெரியுமா?"

"பிரியாணிக்கடை போர்டுல ஒரு வாலு நீண்டா விடமாட்ட. ஏழு எடத்துல வெள்ளைய விட்டு அனுப்பியிருக்க. காப்பி வந்த அன்னிக்கே புரிஞ்சிருச்சு. பன்னெண்டு நாளு உன் தெருப் பக்கமே நான் வரல, கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

"இன்னா நெனச்ச?"

"நிம்மதியா இருந்துச்சு."

ஜியாவுதீன் முதலில் முறைத்தார். பிறகு கடலை புரையேறச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "மனசு வலிச்சுதுடா, பொய் சொல்ல மாட்டேன். மறுபடி அனுப்பலாம்னு எழுந்தேன். ஆனா மனசு நின்ன படமும் அதானே? எனக்கு அத அப்படியே அனுப்பத் தைரியம் இல்ல. உனக்கு நல்ல மனசு இல்ல. ரெண்டும் சேந்துதான் செவுத்துல தொங்குது."

நமச்சிவாயம் மாத்திரை எடுக்கப் பைக்குள் கை விட்டார். கார்டு ஒன்று கூடவே வந்து கீழே விழுந்தது. ஜியாவுதீன் குனிந்து எடுத்துப் படித்தார். முன்னும் பின்னும் திருப்பினார். நமச்சிவாயம் கேலிக்குத் தயாராகிப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"எழுத்து பொடிசா இருக்குதே" என்றார் ஜியாவுதீன். "நம்ம கடைல அடிச்சிருந்தா பெருசாப் போட்டிருப்பேன்ல?" கார்டைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நமச்சிவாயம் திருந்திவிட்டார் என்று எழுதிவிடலாம். அடுத்த மாதம் ஜியாவுதீன் கூப்பிட்டனுப்பினார். புதிய படம். செங்காவி நிறம், நடுவே 'கிணறு' என்கிற எழுத்து. இந்த முறை வெள்ளை தாராளமாக இருந்தது. பதினொரு இடம். ஆஷிஃபா கைபேசியில் அதைப் படம் எடுத்துச் சங்கீதாவுக்கு அனுப்பத் தயாராக நின்றாள்.

நமச்சிவாயம் படத்தின் முன் நின்றார். மார்பில் கையை வைத்துக் காத்திருந்தார். ஒன்றுமில்லை. இட்லி சாப்பிட்ட வயிறு போல அமைதியாக இருந்தது. அவருக்கே ஆச்சரியம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஜியா, எரியலடா."

"இன்னா எரியல?"

"இந்த ஒம்பதாவது வெள்ள பொய். தானா வறண்டது இல்ல. பேரு தெரிஞ்சு போச்சுன்னு நீயா விட்டது. பத்தும் பதினொண்ணும் அதே கத."

ஆஷிஃபா கைபேசியைத் தாழ்த்தினாள். ஜியாவுதீன் படத்தையும் நண்பனையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சிவந்தது. "எந்த எடம்?" என்றார். நமச்சிவாயம் விரலை வைத்துக் காட்டினார். ஜியாவுதீன் குனிந்து அந்த இடத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தாளைச் சுருட்டி மூலையில் போட்டார். செங்காவி பூசி வைத்திருந்த இன்னொரு தாளை விரித்தார். கல்லில் மை உரைத்தார். தூரிகையைத் தோய்த்து, யாரையும் பார்க்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு இழுப்பு.

கடைசி இழுப்பின் முடிவில் தூரிகை தன்னிஷ்டத்துக்கு வறண்டு, ஒரே ஒரு வெள்ளைக் கீற்றை விட்டுவிட்டு நின்றது.

நமச்சிவாயத்துக்கு நெஞ்சு எரிய ஆரம்பித்தது.

"இத அனுப்பு" என்று சொல்லிவிட்டு, மார்பைத் தடவிக்கொண்டே வண்டியை எடுத்தார்.